மதியக் காட்சியில் பெண் பார்த்த கதை

அப்படியொரு மோசமான படத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெயரைச் சொல்ல மாட்டேன். எடுத்தவர்களும் பிள்ளை குட்டிக்காரர்களாக இருப்பார்கள். பட்டணத்திலிருந்து ஓடிவந்த ஒரு கொலைகாரக் குடும்பம் மலையூர் ஒன்றில் ஒளிந்திருந்து அடிக்கிற கூத்து என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். கூத்தும் இல்லை, சிரிப்பும் இல்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் கொலை நடந்தது. கொலை நடந்த இடத்தில் யாரோ வழுக்கி விழுந்தார்கள். அதை நான் இரண்டே முக்கால் மணித்தியாலம் முழுதாக இருந்து பார்த்தேன். ஏனென்றால் அன்றைக்கு அந்தத் தியேட்டருக்குள் வைத்து என்னைப் பெண் பார்த்தார்கள்.

தியேட்டருக்குள் யாராவது பெண் பார்ப்பார்களா என்று கேட்பீர்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டார்.

எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் பெண் பார்க்க வீட்டுக்கு வருவது குறைவு. வீட்டுக்கு வந்து பலகாரம் தின்றுவிட்டு வேண்டாம் என்று சொன்னால் இரண்டு பகுதிக்கும் மரியாதையில்லை. அதனால் தற்செயலாகச் சந்திப்பார்கள். பின்னேரப் பூசைக்கு நல்லூர்க் கோயிலுக்கு நாங்கள் போவோம், அவர்களும் வருவார்கள். வீதி சுற்றும்போது எங்கள் சின்னம்மாவுக்கும் அவர்களுடைய யாரோ ஒரு மாமிக்கும் திடீரென்று பழைய பழக்கம் ஞாபகம் வரும். பத்து நிமிடம் நின்று கதைப்பார்கள். அதற்குள் மாப்பிள்ளை என்னைப் பார்த்துவிட வேண்டும், நான் நிலத்தைப் பார்த்துவிட வேண்டும். சரிவந்தால் முருகன் சேர்த்து வைத்தது. சரிவராவிட்டால் யாரும் யாரையும் பார்க்க வரவில்லை, எல்லாரும் கும்பிடத்தான் வந்தோம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் வீடு நல்லூரிலேயே இருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் ஒழுங்கைக்காரர், அயல் வீட்டுச் சனம். கிழமை நாளில் நான் பட்டுச்சேலையோடும் சின்னம்மாவோடும் போனால் அது கும்பிடப் போவதல்ல என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு தரம் அப்படிப் போய் இரண்டும் சரிவரவில்லை. மூன்றாவது கிழமை தனியாகக் கும்பிடப் போனபோது செருப்புப் பார்க்கிற மனிசி என்னிடம் கேட்டார்:

"என்ன பிள்ளை, அண்டைக்கு வந்த ஆக்கள் ஒரு முடிவும் சொல்லேல்லையோ?"

வீட்டுக்கு வந்து அழுதேன். பிடிக்காத கலியாணம் குழம்பியதற்காக அழவில்லை. செருப்பைக் கழற்றிக் கொடுக்கிற இடத்தில் வைத்து அதைக் கேட்கிறார்களே என்றுதான் அழுதேன்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. உடுப்பிட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், பின்னேரம் ரியூசன் ஒன்றும் முடித்துக்கொண்டு வருவேன். பத்தாம் வகுப்பில் அட்சரகணிதம் விளங்காமல் முழித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ஒருநாள் சட்டென்று விளங்கும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்த வேலைக்கு வந்தவள் நான். முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு, பனி கொட்டுகிற ஊருக்குப் போய், ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடக்க எனக்குத் துளியும் விருப்பம் இருக்கவில்லை. இதை இவ்வளவு தெளிவாக இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு ஒருவரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் தங்கச்சி. என்னைவிட நாலு வயது இளையவள். தன்னோடு வேலை செய்கிற ஒருவரை விரும்பினாள். நல்ல பிள்ளை. குறிப்புப் பொருந்தியது, இரண்டு வீட்டுக்கும் சம்மதம். எல்லாம் முடிந்து இரண்டு வருடமாக அந்தக் கலியாணம் அப்படியே நின்றது. அக்கா இருக்கத் தங்கச்சிக்குச் செய்தால் அக்காவுக்கு ஏதோ குறை என்று சனம் கதைக்கும் என்று அம்மாவுக்குப் பயம். இதை வீட்டில் ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். சொல்லாமல், எனக்குத் தேநீர் தரும்போதுகூட ஒரு பொறுமையோடு தந்தார்கள். தங்கச்சி கதவைச் சாத்திக்கொண்டு போனில் கதைக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குக் குற்றவுணர்வாக இருக்கும்.

இந்த நேரத்தில்தான் கனடா மாப்பிள்ளையின் பேச்சு வந்தது. மூன்று கிழமை லீவில், தாயையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இந்த முறை கோயில் வேண்டாம்" என்றார் சின்னம்மா. அவர் அம்மாவின் தங்கை. கந்தோரில் முப்பது வருடம் கோப்புகளை நகர்த்தி ஓய்வு பெற்றவர். இப்போது கலியாணங்களை நகர்த்துகிறார். "படத்துக்குப் போவம். மதியக் காட்சி. இருட்டுக்குள்ளை ஆர் எங்களைப் பாக்கப் போயினம்?"

"தியேட்டருக்குள்ளை ஆரும் பொம்பிளை பாப்பினமோ?" என்று அம்மா கேட்டார்.

"அதுதானே! ஒருத்தரும் நினைக்காயினம்."

இருட்டுக்குள் எங்களை ஊர்ச்சனம் பார்க்காது என்பது சரி. மாப்பிள்ளையும் பார்க்க முடியாது என்பது அந்த மண்டபத்தில் விளக்கு அணைகிற வரைக்கும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கணித ரீச்சரான எனக்கும் உறைக்கவில்லை.

படத்தைத் தெரிந்தெடுத்ததும் சின்னம்மாதான். ரவுணுக்குள் ஓட்டோவில் போகும்போது சுவரொட்டியைக் கண்டிருக்கிறார். தாத்தா, தகப்பன், தாய், வளர்ந்த மகள், சின்ன மகன் என்று எல்லாரும் வாழையிலைக்கு முன்னால் வரிசையாகச் சம்மணம் போட்டு இருந்து சிரிக்கிறார்கள். நல்ல குடும்பப் படம் என்று முடிவு கட்டிவிட்டார். தாத்தாவின் இலைக்குக் கீழே ஒரு துவக்கின் சுடுகுழல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஓட்டோ நிற்காததால் அவர் காணவில்லை.

வாசலிலேயே நாடகம் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் தாயைக் கண்டதும் சின்னம்மா கையை விரித்துக்கொண்டு போனார்.

"அட, நீங்களோ! கண்டு எத்தினை வருசமாச்சு!"

"ஓமோம். பள்ளிக்கூடத்திலை ஒண்டாப் படிச்சனாங்களெல்லே" என்றார் அந்த அம்மா, சொல்லிக் கொடுத்தபடி.

இருவருக்கும் குறைந்தது பத்து வயது வித்தியாசம் இருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு சுவரில் இருந்த விளம்பரத்தைப் படிக்கத் தொடங்கினார். மாப்பிள்ளை தாயின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உயரமான ஆள். கண்ணுக்குக் கீழே நித்திரை இல்லாத கறுப்பு. எனக்கு லேசாகத் தலையசைத்தார், நானும் அசைத்தேன்.

ஒரே வரிசையில் இருந்தால் திட்டம் போட்டது தெரிந்துவிடும் என்று சின்னம்மா அடுத்தடுத்த வரிசையில் ரிக்கற் எடுத்திருந்தார். நாங்கள் முன்னால், அவர்கள் நேர் பின்னால். எனக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் தங்கச்சி. கடல் கடந்து வந்த மனிதர் படத்தின் முதல் பாதி முழுவதும் என் கொண்டையைத்தான் பார்த்திருப்பார். அதையும் படத்தில் வெளிச்சமான காட்சி வந்தபோது மட்டும்.

முதல் ஐந்து நிமிடத்தில் படத்தின் தகப்பன் மூன்று பேரைச் சுட்டான். அம்மா என் கையைப் பிடித்தார். பிறகு பொலிஸுக்கும் தன் பழைய கூட்டாளிகளுக்கும் பயந்து குடும்பத்தோடு ஒரு மலையூருக்கு ஓடுகிறான். அங்கே கலியாண வீட்டுச் சமையல்காரர் என்று சொல்லிக்கொண்டு ஒரு வீடு எடுத்து இருக்கிறார்கள். யாருக்கும் சமைக்கத் தெரியாது. இதில் ஒரு நல்ல படம் எடுக்கலாம் என்று நான்கூட நம்பினேன். கொலைகாரன் ஒருவன் உப்புச் சரிபார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் இயக்குநருக்குத் தன் கதையிலேயே நம்பிக்கையில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிரிப்புக் காட்ட ஒரு பகிடிக்காரனைக் கொண்டுவந்தார். அவன் வாயைத் திறந்தால் கூடாத கதை. முதலாவது அப்படியான வசனம் வந்தபோது பின் வரிசையில் மாப்பிள்ளையின் தாய் இருமினார். இரண்டாவதுக்கும் இருமினார். மூன்றாவதுக்கு எங்கள் அம்மாவும் சேர்ந்து இருமினார். அப்பா முதல் பாட்டிலேயே நித்திரையாகிவிட்டார். அவர் குறட்டை விடாமல் இருக்க வேண்டுமே என்று நான் நல்லூரானுக்கு நேர்ந்துகொண்டேன்.

எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் யார் முதலில் எழும்புவது? படத்தைத் தெரிந்தெடுத்தவர்கள் நாங்கள்; நாங்கள் எழும்பினால் தரங்கெட்ட படத்துக்கு அழைத்து வந்தோம் என்று ஒத்துக்கொள்வதாகும். அவர்கள் எழும்பினால் அழைத்தவர்களை அவமதிப்பதாகும். ஆகவே நாங்கள் ஏழு பேரும், ஒருவருக்காக ஒருவர் மரியாதையாக, அந்தக் கண்றாவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பகிடிக்காரனோடு யாரோ ஒருவர் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சின்னம்மா இடைக்கிடை சிரித்தார்.

எனக்குப் பிடரி கூசியது. ஏசிக் குளிரில் கால் விறைத்தது. ஒருமுறை வெளியே போய் முகம் கழுவினால் போதும் போல இருந்தது. ஆனால் போவதென்றால் அவர்களுக்கு முன்னால் நடக்க வேண்டும். என் நடையைப் பார்ப்பார்கள். கையைக் கட்டினால் குளிரில் கட்டினேனா கோபத்தில் கட்டினேனா என்று யோசிப்பார்கள். கடைசியில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். மூச்சுக்கூட அளந்துதான் விட்டேன். படத்தில் அந்தக் குடும்பமும் அப்படித்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டும்போதெல்லாம் ஆளுக்கொரு கரண்டியைத் தூக்கிக்கொண்டு, சமைப்பதுபோல் நின்றார்கள். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் அவர்களை விளங்கியது.

இடைவேளைதான் உண்மையான பெண் பார்ப்பு. வெளி விறாந்தையில் வெள்ளை வெளிச்சம், பத்து நிமிடம், கையில் பொரித்த றோல்ஸ்.

"படம் எப்பிடிப் பிள்ளை?" என்று அவருடைய தாய் கேட்டார்.

"நல்லாயிருக்கு அன்ரி" என்றேன்.

"ஓம், நல்ல பகிடி" என்றார் அம்மா.

"இந்தக் காலத்திலை உப்பிடி எடுக்கிறது குறைவு" என்றார் அந்த அம்மா. அதில் பொய்யில்லை.

பெரியவர்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி எங்களுக்கு இடம் விட்டார்கள். தங்கச்சி கச்சான் கடலை வாங்குவதுபோல் தள்ளிப் போனாள். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருந்த ஆசையைப் பார்த்துவிட்டு நான் எதையும் மறுக்கிற நிலையில் இல்லை.

"உங்களுக்கு உப்பிடியான படங்கள் பிடிக்குமோ?" என்று அவர் கேட்டார்.

"சில நேரம் பாக்கிறனான்."

"நானும்" என்றார். பிறகு மறைக்காமல் சொன்னார். அவருக்கு மாறி மாறி இரவு வேலை. தாய்க்கு முழங்கால் ஏலாது, தனியாக விடமுடியாது. அவருடைய அக்கா இவ்வளவு நாளும் பார்த்தவர், இப்போது வேறு நகரத்துக்குப் போகிறார்.

"வீட்டிலை அம்மாவோடை ஒரு ஆள் நிக்கவேணும். அதுதான்..."

"அங்கை நான் படிப்பிக்கலாமோ?"

"முதல் மூண்டு நாலு வருசம் கஷ்டம். பிறகு பாப்பம்" என்றார். "நீங்கள் படிப்பிக்கிறதிலை சரியான விருப்பமோ?"

இதைவிட நல்ல கேள்வியை என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. ஓம், அதை விட்டுவிட்டு என்னால் வரமுடியாது என்று சொல்ல ஒரு வாய் மூச்சுப் போதும். நான் சொன்னது இதுதான்:

"அப்பிடியெண்டில்லை. பழகினால் எதுவும் சரிதானே."

மணி அடித்தது. எல்லாரும் உள்ளே போனோம்.

இரண்டாம் பாதியில் ஒரே ஒரு காட்சிக்காக நான் அந்தப் படத்தை இன்னும் மன்னிக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் மகள் இருக்கிறாள். அவளுக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய பெயரை வெளியில் சொன்னால் எல்லாரும் செத்தோம் என்று தகப்பன் சொல்லி வைத்திருக்கிறான். ஊர் வாசிகசாலையில் வேலை செய்கிற ஒரு கிழவரோடு அவள் பழகுகிறாள். ஒருநாள் மழை. வாசிகசாலையில் வேறு ஒருவரும் இல்லை. அவர் கேட்கிறார், "நீ ஏன் பிள்ளை உன்னைக் கூப்பிட்டால் எப்பவும் கொஞ்சம் பிந்தித் திரும்பிப் பார்க்கிறாய்?" பாட்டில்லை, பின்னணி இசையில்லை. அவள் உதட்டை ஈரமாக்கிக்கொண்டு வாயைத் திறக்கிறாள்.

நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். சொல்லு, சொல்லு என்று எனக்குள் கேட்டது. அவள் சொல்லிவிட்டால் நானும் சொல்லலாம் என்று நினைத்தேன். முப்பத்து மூன்று வயதில் ஒரு சினிமாக்காரியை நம்பி இருந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்தில் வேறு யாரை நம்புவது?

அவள் சொல்லவில்லை. சொல்ல முதலே பகிடிக்காரன் கூரையைப் பிய்த்துக்கொண்டு சாம்பார் அண்டாவுக்குள் விழுந்தான். வாசிகசாலையில் சாம்பார் அண்டா எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் படத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசிப் பாட்டில் எல்லாரோடும் சேர்ந்து ஆடினாள். அந்த இயக்குநர் கையில் அகப்பட்டிருந்தால் ஒரு அறை கொடுத்திருப்பேன்.

விளக்குப் போட்டதும் அப்பா கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதோ?" என்றார். வெளியே வந்து எல்லாரும் இன்னொரு முறை படத்தைப் புகழ்ந்தோம். தற்செயலாகக் கண்டதில் சந்தோசம் என்று சின்னம்மா சொன்னார். மாப்பிள்ளை தாயைக் கைப்பிடித்து மெதுவாகப் படி இறக்கினார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

ஓட்டோவில் தங்கச்சி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஆள் நல்லவர் மாதிரி இருக்கு என்ன?"

"ஓம்."

"உனக்குப் பிடிச்சிருக்கோ?"

"ஓம்" என்றேன்.

முடிவு சொல்ல மூன்று நாள் எடுப்பது வழக்கம். அந்த மூன்று நாளும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் "எனக்கு விருப்பமில்லை" என்பதை வாய்க்குள் சொல்லிப் பழகினேன். வழியில் வருகிற உப்பு வெளியைத் தாண்டும் வரைக்கும் தெளிவாக வரும். வீட்டு வாசலுக்கு வந்தால் வராது. வகுப்பில் ஒரு பிள்ளை கரும்பலகையைக் காட்டி, "ரீச்சர், ஒரே கணக்கை ரண்டு தரம் எழுதியிருக்கிறியள்" என்றாள். அழித்துவிட்டு மூன்றாம் தரமும் அதையே எழுதினேன். கடைசி நாள் கோயிலுக்குப் போய், அவர்களுக்கு என்னைப் பிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டால் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. இவ்வளவுதான் என் வீரம்.

சனிக்கிழமை மத்தியானம் சின்னம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் பலகாரப் பெட்டி. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. குசினியில் நின்ற அம்மா கையைத் துடைக்காமலே ஓடி வந்தார். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். தங்கச்சி அறை வாசலில் வந்து நின்றாள்.

"அவைக்கு நல்ல விருப்பம்" என்றார் சின்னம்மா. "தாய்க்குத்தான் கூட விருப்பம். என்ன சொன்னவ தெரியுமோ? அந்தப் படத்தை அவவாலையே இருந்து பாக்க முடியேல்லையாம். தலையிடியாம். ஆனால் எங்கடை பிள்ளை முன்னாலை ஒரு அசைவில்லாமல் கடைசி வரைக்கும் இருந்தவளாம். 'உந்தப் படத்தையே வாய் திறக்காமல் இருந்து பாத்த பிள்ளை, என்ரை வீட்டிலை எதையும் பொறுத்துக்கொண்டு இருப்பாள், எனக்கு இவள்தான் வேணும்' எண்டு ஒரே பிடியாம்."

அம்மா கண்ணைத் துடைத்தார். அப்பா, "பொறுமைக்கு அவள்தான்" என்றார். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

சாம்பார் அண்டாவுக்கு மூச்சுவிடாமல் இருந்ததற்கு எனக்குப் பரிசு தருகிறார்கள். ஒரு வீடு, ஒரு முழங்கால், இரவு வேலைக்குப் போகிற ஒரு நல்ல மனிதர், ஆயுள் முழுவதும் அசையாமல் இருக்க ஒரு கதிரை. இப்போதும் பேசாமல் இருந்தால் பிறகு பேச ஒரு இடமும் வராது என்று தெரிந்தது.

"நான் பொறுமையாய் இருக்கேல்லை சின்னம்மா" என்றேன்.

"என்ன?"

"எழும்பப் பயத்திலை இருந்தனான்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் திரும்பவும் சொன்னேன், இந்தமுறை குரல் என்னை அறியாமல் உயர்ந்துவிட்டது. "படம் எனக்கு அறவே பிடிக்கேல்லை. உந்தக் கலியாணமும் பிடிக்கேல்லை. அவரிலை ஒரு பிழையும் இல்லை. எனக்குப் போக விருப்பமில்லை. முதல் வந்த ரண்டும்கூட எனக்கு விருப்பமில்லை. அவை வேண்டாம் எண்டு சொன்ன உடனை எனக்குச் சந்தோசமாய் இருந்தது."

அம்மா கதிரையில் இருந்துவிட்டார். "விசரே உனக்கு? அவையின்ரை முகத்திலை நாங்கள் என்னண்டு முழிக்கிறது?" என்று சின்னம்மா கேட்டார். பலகாரப் பெட்டி அவருடைய மடியிலேயே இருந்தது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அப்ப, சின்னவளுக்கு?" என்றார். இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் முதல்முறையாக ஒருவர் அதைச் சத்தமாகச் சொன்னார்.

"அவளுக்கு முதல் செய்யுங்கோ அப்பா."

"சனம் உன்னைத்தானே கதைக்கும்" என்று அம்மா அழுதார்.

"என்னைக் கதைக்கட்டும் அம்மா. செருப்பு வைக்கிற இடத்திலையும் கதைச்சு முடிஞ்சுது."

நான் இவ்வளவு நேரமும் தங்கச்சியைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எனக்குள் ஒரு பெரிய எண்ணம் இருந்தது; அவளுக்கு இப்போது சந்தோசமாக இருக்கும், ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள் என்றும் ஒரு மூலையில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். முகத்தில் சந்தோசம் இல்லை.

"முதல் வந்த ரண்டும்கூட விருப்பமில்லையோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அது குழம்பின நேரம் நீ அழுதாய். நீ ஆசைப்பட்டு அழுதனி எண்டு நினைச்சன். உனக்கு முதல் நான் கட்டினால் உனக்கு நோகும் எண்டு, அவர் கலியாணப் பதிவையாவது எழுதுவம் எண்டு கெஞ்சக் கெஞ்ச நான்தான் அக்கா மறிச்சனான். அம்மா இல்லை. நான்தான்." அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "ரண்டு வருசம் அக்கா. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும்."

அடைபட்டுக் கிடந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவளையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அவளுக்காகப் பொறுத்துக்கொண்டிருப்பதாக எனக்கு நானே பெருமைப்பட்டிருக்கிறேன்.

அவள் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. தான் விரும்பியவருக்குப் போன் எடுத்து, அக்கா வேண்டாம் என்றுவிட்டாள், இனி எங்களுக்கு நாள் பார்க்கலாம் என்று சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாருக்கும் கேட்கும்படி அழுதாள். அம்மா எழும்பி அவளிடம் போனார். எனக்கும் போகவேண்டும் போல இருந்தது. ஆனால் எந்த முகத்தோடு போவது என்று தெரியாமல், நின்ற இடத்திலேயே நின்றேன்.